மூளையில் கேவர்னோமா: குடலைச் சுத்தம் செய்தால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒருமுறை வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையில் இரண்டு இடத்தில் கேவர்னோமா இருக்கிறது, ரத்தம் கசியவில்லை என்றார்கள். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். குடல் கிருமிகளால்தான் இது வளர்கிறதாம். பேதிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் எடு என்கிறார் உறவினர். செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் உறவினர் சொன்னது வெறும் புரளியும் அல்ல.

கேவர்னோமா என்பது சுவர் மெலிந்து உப்பிய நுண் ரத்தநாளங்களின் கொத்து. பார்க்க மல்பெரி பழம் போலிருக்கும். நாளச் சுவரின் செல்களில் கே.ஆர்.ஐ.டி.1, சி.சி.எம்.2, பி.டி.சி.டி.10 ஆகிய மரபணுக்களில் ஒன்று பழுதானால் இது உருவாகலாம். குடலிலுள்ள கிராம்-நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்களின் மேலுறையில் எல்.பி.எஸ். என்ற நச்சுப்பொருள் உண்டு. அது ரத்தத்தில் கலந்து மூளை நாளச் செல்களின் டி.எல்.ஆர்.4 ஏற்பியைத் தொட்டால், செல்லுக்குள் ஒரு சமிக்ஞை கிளம்பும். அதை அடக்கிவைப்பது அந்த மரபணுக்களின் வேலை. அவை பழுதான செல்லில் அடக்க ஆளில்லை, நாளம் உப்புகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் கான் குழுவினர் இதை 2017-இல் எலிகளில் காட்டினார்கள். நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்குக் கேவர்னோமா ஏறக்குறைய வரவே இல்லை. 2020-இல் வெளியான ஆய்வில், கேவர்னோமா உள்ள மனிதர்களின் குடல் நுண்ணுயிர்க் கலவையும் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் ஏன் கூடாது? எலிகளில் பலன் தெரிந்தது, கட்டி (அதாவது கேவர்னோமா) உருவாகும் பருவத்தில் இருந்த குட்டிகளிடம். உங்களுக்கோ கட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கோர்ஸ் முடிந்த சில வாரங்களில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் திரும்பிவிடும். நல்ல வகைகள் சில திரும்பாமலும் போகலாம். இதைவிட முக்கியம், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் வலிப்பையே தூண்டக்கூடியவை. பேதி மருந்து இன்னும் ஆபத்து: நீரும் சோடியமும் குறைந்தால் வலிப்பு வரலாம், விழுங்கிய மாத்திரையும் சரியாக உடலில் சேராமல் போகலாம்.

பாக்டீரியாவைக் கொல்வதைவிட, எல்.பி.எஸ். ரத்தத்துக்குள் கசியாதபடி குடல் சுவரைக் காப்பதே நீங்கள் இன்று செய்யக்கூடியது. இது கேவர்னோமாவைச் சுருக்கும் என்று நிரூபணமில்லை. ஆனால் கெடுதலும் இல்லை. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு முக்கிய உணவு. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 11 கிராம் இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை, கொய்யா என இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பிவிடும். பாலிசார்பேட் 80 என்ற எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் பொருள்), மரபணு பழுதான எலிகளில் கட்டிகளை மோசமாக்கியது. ஐஸ்கிரீம், கேக், கிரீம் வாங்கும்போது உறையில் 433 என்ற எண்ணைத் தேடுங்கள், இருந்தால் தவிருங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். அவை குடல் சுவரைப் புண்ணாக்கும். புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) காப்ஸ்யூலுக்குச் செலவழிக்க இப்போதைக்குக் காரணமில்லை.

பயத்துக்கும் ஓர் அளவு சொல்கிறேன். 1,620 பேரின் தரவைத் தொகுத்த 2016 ஆய்வில், மூளைத்தண்டில் இல்லாத, முன்பு கசியாத கேவர்னோமா 5 ஆண்டுகளில் கசிந்தது நூற்றில் 4 பேருக்கும் குறைவாகவே. மூளைத்தண்டில் இருந்தால் கணக்கு வேறு. உங்களுடையது எங்கே என்று முதலில் கேளுங்கள். திடீர்க் கடும் தலைவலி, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, 5 நிமிடம் தாண்டும் வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே 108.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஸ்கேனில் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசை (ரத்தத் தடயங்களை நுட்பமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை) எடுத்தார்களா? இல்லையென்றால் சின்னஞ்சிறு கட்டிகள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அருகில் பிறவியிலேயே அமைந்த அசாதாரணச் சிரை ஏதும் உண்டா? அந்தச் சிரையைச் சுற்றியே உங்கள் இரண்டு கேவர்னோமாவும் இருந்தால் பெரும்பாலும் பரம்பரை வகை அல்ல. அப்படி இல்லையென்றால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பரம்பரை வகை என்று உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட 50 சதவீத வாய்ப்பு உண்டு.