ஆசிரியர் இருக்கும்போது ஆசிரியர் குழு எதற்கு?

நாகர்கோவிலில் நண்பர்களோடு சிற்றிதழ் தொடங்கப் போவதாகவும், ஆசிரியர் இருக்கும்போது குழு எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1988-ல் எழுத்தாளர் சுந்தர ராமசாமி காலச்சுவடு இதழைத் தொடங்கிய ஊர் அது, அதனால் உங்கள் முயற்சி எனக்கு மிகவும் சந்தோஷம்.

அச்சாகும் விஷயத்துக்குப் பொறுப்பேற்பவர் ஆசிரியர்தான். எதை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று அவரோடு சேர்ந்து வாசித்து விவாதிப்பது குழுவின் வேலை. குமரி மாவட்ட வரலாறு பற்றி ஒரு கட்டுரை வருகிறது, 1947-லேயே தமிழகத்தோடு இணைந்துவிட்டது என்று அதில் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். தனியாளாக வேகமாக வாசித்தால் அது கண்ணில் படாமல் போகலாம். இணைந்தது 1956 நவம்பர் 1-ல் என்று தெரிந்தவர் குழுவில் இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார். அதேபோல, குமரி மாவட்டத்தின் மேற்கே உள்ள விளவங்கோட்டுப் பேச்சுவழக்கில் எழுதிய கதையை, கிழக்கே உள்ள தோவாளைக்காரர் பிழை என்று நினைத்துத் திருத்தப் போனால், தடுக்க அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மூன்று நான்கு பேர் போதும். பெயருக்காகப் பெரியவர்களைச் சேர்க்காதீர்கள், முழுக்க வாசிக்கிறவர்களைச் சேருங்கள். அப்புறம், குழுவில் ஒருவரின் நண்பர் கவிதை அனுப்பினால், அந்த முடிவிலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும்.