முகத்தை மறைத்தால் போதாது

வணக்கம் சகோதரி. கணவனிடம் அடிபட்டு, எச்ஐவி தொற்றோடும் வாழும் பெண்ணின் காணொளியோடு அறக்கட்டளையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முகத்தை மங்கலாக்கினாலும் குரலும் வளையலும் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நம்பிச் சொன்ன தொற்று விவரத்தை எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டமும் தடுக்கிறது.

முதல் பதிவாக இதைப் போடுங்கள்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டால், தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க முடியும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை! கூடவே எச்ஐவிக்கான 1097, பெண்களுக்கான 181 உதவி எண்கள். நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்ற பதிவெல்லாம் பிறகு. நள்ளிரவில் உதவி கேட்டு வரும் செய்திக்குப் பதில் சொல்ல ஆள் அமர்த்தியபின் பக்கத்தைத் திறங்கள். செய்தி அனுப்பிய பெண்ணின் போன் கணவன் கையில் இருக்கலாம், முதலில் "இப்போது பேசலாமா?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.