மலைப் பள்ளியில் பாடத்தோடு கைவேலையை எப்படி இணைப்பது? மழைக்காலத்தில் எதுவும் காய மாட்டேன் என்கிறதே?

குன்னூர் பக்கம் 4, 5-ஆம் வகுப்புகள் ஒரே அறையில், 40 நிமிடப் பாடவேளை, உப்பு மாவில் செய்த மலை மாதிரி ஒரு வாரமாகியும் காயாமல் நசநசத்துச் சரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சரிந்ததற்குப் பிள்ளைகளின் கை காரணமில்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சமவெளியில் இரண்டு வெயிலில் கல்லாகிற உருண்டை, இங்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாளில் வியர்த்துக்கொண்டே இருக்கும். காகிதக் கூழ் இன்னும் மோசம், காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

அதனால் முதலில் மழையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்து ஊற்றும். உங்களுக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் கனம். களிமண், கூழ், உப்பு மாவு எல்லாவற்றையும் ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குளிர் இருந்தாலும் காற்று உலர்ந்திருக்கும், பொருள் காயும். மழை மாதங்களுக்கு வெட்டுதல், மடித்தல், தைத்தல். காய வைப்பதற்காக மூடிய வகுப்பறையில் கரியடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு.

இன்னொன்று. பாடம் முடிந்த பிறகு அதன் படத்தை வரைந்து வண்ணம் தீட்டச் சொல்வது பலரும் செய்வதுதான். அதில் பிள்ளை புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்காது. கையில் இருக்கும் வேலையே பாடத்தின் கணக்கைக் கேட்க வேண்டும். கணக்கு தப்பினால் பொருள் கோணலாக வந்து தானே காட்டிக்கொடுக்க வேண்டும். நீங்கள் செய்ய நினைத்த மலை மாதிரியையே எடுத்துக்கொள்வோம்.

களிமண் வேண்டாம், அட்டை அடுக்கு போதும். ஓர் அடுக்குக்கு 300 மீட்டர் என்று வையுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. நான்கையும் பலகையில் எழுதிவிட்டு 300-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். தொட்டபெட்டாவுக்கு ஈவு 8, மீதி 237. அந்த மீதியை என்ன செய்வது? எட்டு அடுக்கா, ஒன்பதா? இந்தக் கேள்வியை அவசரப்பட்டு நீங்களே முடித்து வைக்காதீர்கள், பிள்ளைகள் வாதாடட்டும். 150-க்கு மேல் என்றால் ஓர் அடுக்கு கூட்டுவது என்று அவர்களே வந்து சேர்வார்கள். ஊட்டிக்கு மீதி 140, ஆக ஏழுதான். குன்னூர் ஆறு, மேட்டுப்பாளையம் ஒன்று. மீதி என்றால் என்ன என்பது 4-ஆம் வகுப்புப் பிள்ளைக்குக் கையில் பிடிபடுகிற இடம் இது.

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு: புதுச் சட்டை வரும் மெல்லிய அட்டை ஒன்பது துண்டு, மளிகைக் கடை நெளி அட்டைப்பெட்டி ஒன்று, கத்தரிக்கோல் இரண்டு, ஃபெவிகால் இரண்டு மூடி அளவு. நெளி அட்டையிலேயே முழு அடுக்கை வெட்டச் சொன்னால் பிள்ளைகள் கைக்கு வராது, ஓரம் நசுங்கும். மெல்லிய அட்டையில் அடுக்கின் வடிவத்தை அவர்கள் வெட்டட்டும். நெளி அட்டையை 3 செ.மீ. சதுரங்களாக நீங்கள் முன்னாளே கட்டரால் நறுக்கி வையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் நான்கைந்து சதுரம் முட்டுக்கொடுத்தால் உயரம் கிடைக்கும்.

அடித்தட்டு 30-க்கு 24 செ.மீ. மேலே போகப் போக ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. குறையட்டும். மேட்டுப்பாளையம் பக்கம் மட்டும் ஆறாவதிலிருந்து ஏழாவதற்குப் போகும்போது 4 செ.மீ. விடுங்கள். முதல் ஆறு அடுக்கு நெருக்கிக்கொண்டு ஏறி, பிறகு திடலாக விரியும். மலை ரயிலின் பாதையாக ஒரு சிவப்பு நூலை ஓட்டிப் பார்த்தால், மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் தண்டவாளத்துக்கு நடுவே ஏன் பல்சட்டம் (எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்வைத்த சட்டம்) என்பதற்குத் தனியாக விளக்கமே தேவைப்படாது.

பசையைப் பரப்பித் தடவினால் அட்டை ஒரு பக்கம் நனைந்து சுருளும், நடுவில் மாட்டிய பசை மறுநாளும் வெள்ளையாகவே கிடக்கும். சதுரத்துக்கு ஒரு மிளகளவு பொட்டு போதும். வேலை முடிந்ததும் மேலே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் நோட்டுக் கட்டுகளை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். முதல் பாடவேளையில் வகுத்தல், இரண்டாவதில் வெட்டு, மூன்றாவதில் ஒட்டு. கடைசி ஏழு நிமிடம் எப்போதும் கூட்டிப் பெருக்குவதற்கு. 4-ஆம் வகுப்பு வெட்டும்போது 5-ஆம் வகுப்பு ஓரத்தில் அளவுகோல் வரையலாம். புரிந்ததா என்று பார்க்கத் தேர்வுத்தாள் தேவையில்லை. ஒரு குண்டூசியைக் கையில் கொடுத்து, “கூடலூர் சுமார் 1,070 மீட்டர், எந்த அடுக்கில் குத்துவே?” என்று கேளுங்கள். மூன்று, மீதி 170, ஆக நான்கு.

பெருக்கலுக்கும் சமச்சீருக்கும் ஊசியைப் போல நல்ல ஆசிரியர் இல்லை. தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணியே சிவப்பும் கருப்பும் ஓட்டுகிறார்கள். அந்த எண்ணும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய வடிவங்களை நகலெடுக்க வைக்காதீர்கள். அவை அந்தச் சமூகத்துக்குச் சொந்தம், அவர்கள் வீட்டுப் பிள்ளையே உங்கள் வகுப்பில் இருக்கலாம். தைக்கும் அம்மா யாராவது ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. முதலில் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சொந்த வடிவம்: 6 கட்டம் பூ, 2 கட்டம் இடைவெளி. 96 கட்ட ஓரத்துக்கு எத்தனை பூ? பன்னிரண்டு. பிறகு சணல் சாக்குத் துண்டில் மழுங்கிய கம்பளி ஊசியும் ஸ்வெட்டர் நூலும். சாக்கின் ஓரம் பிரியும், முதல் நாளே ஃபெவிகால் தடவி வைத்துவிடுங்கள். ஓர் இழை தப்பினாலும் அடுத்த வரி முழுக்க நகர்ந்து நிற்கும், பிள்ளையே பிரித்துத் திருத்தும்.

அறிவியலுக்கு டீத்தூள் மை. துருப்பிடித்த ஆணி ஐந்தாறை 50 மி.லி. வினிகரில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். இது உங்கள் வேலை, பிள்ளைகள் தொட வேண்டாம். 200 மி.லி. தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் டீத்தூளைப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் ஆணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செந்நிற டிக்காஷன் கண்ணெதிரே கறுக்கும். இனி அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டால் மீளா மாற்றம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். சர்க்கரையோ பாலோ கலந்த டீ ஆகாது. இரண்டு கிராம்பு போட்டு வைத்தால் பூசணம் தள்ளிப்போகும். புட்டியின்மேல் “குடிக்கக் கூடாது” என்று அதே மையால் ஒரு பிள்ளையை எழுதச் சொல்லி ஒட்டுங்கள், பார்வைக்கு அது கடுங்காப்பி மாதிரியே இருக்கும்.