தாத்தாவைத் தேடியா வருகிறார்கள்?

கேள்வி: ஐந்து வருடமாக வலைப்பூ எழுதுகிறேன். மண்டையைக் குடைந்து எழுதிய கட்டுரைகளைச் சீண்ட ஆளில்லை. தாத்தாவைப் பற்றி எப்போதோ எழுதிய பதிவுக்கு மட்டும் தினமும் யாராவது வருகிறார்கள். தாத்தா பிரபலமானவரும் இல்லை. யார் இவர்கள், எந்த வழியாக வருகிறார்கள்?

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவைப் படித்தேன். என் சந்தேகமெல்லாம் அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மேல்தான். சாவி கொடுத்தும் பெண்டுலம் நின்று நின்று போனதையும், தாத்தா காதைக் கிட்டே வைத்துக்கொண்டு கடிகாரத்தின் அடிப்பக்கத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமானதும் கையை எடுத்ததையும் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது தாத்தாவின் பொறுமை. ஓடாத கடிகாரத்தின் முன்னால் போனும் கையுமாக நிற்பவருக்கு ரிப்பேர் குறிப்பு. சரியான குறிப்பும்கூட. பெண்டுலம் கடிகாரம் சாய்ந்து தொங்கினால் டிக் டாக் சீராக விழாது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

இது என் யூகம். சரிபார்க்க கூகுள் சர்ச் கன்சோல் இருக்கிறது; கூகுளில் எதைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தளத்தின் சொந்தக்காரருக்குக் காட்டும் கருவி, இலவசம். வலைப்பூ உங்களுடையதுதான் என்று உறுதி செய்துவிட்டு, சில நாள் கழித்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பதிவை மட்டும் தேர்ந்தெடுங்கள். என்ன தட்டி வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதிகபட்சம் 16 மாதக் கணக்கு. மிக அரிதான தேடல்களை அந்தரங்கம் கருதி மறைத்துவிடுவார்கள், அதனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். பயப்பட வேண்டாம். வருகையை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் இதைத் தேடிப் பயனில்லை. கூகுள் 2011இல் லாகின் செய்தவர்களின் தேடலையும், 2013இல் ஏறக்குறைய எல்லோருடைய தேடலையும் மறையாக்கம் செய்தபிறகு (அதாவது, மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டியபிறகு), தேடிய சொல் நம் பக்கம் வந்து சேர்வதில்லை.

பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள், சுவாரசியமே அங்கேதான். எழுத்துப் பிழையோடு தேடியவர், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர், 'கடிகாரம் ஏன் நின்னு நின்னு போகுது' என்று முழு வாக்கியமாகக் கேட்டவர் எல்லோரும் இருப்பார்கள். கடைசி ஆள் அநேகமாகப் போனிடம் வாய்விட்டுக் கேட்டவர். அப்புறம், தேடல் வகையைப் 'படம்' என்று மாற்றிப் பார்க்க மறக்காதீர்கள். கட்டுரையைப் படிக்காமல் கடிகாரப் படத்துக்காக மட்டும் வருகிற கூட்டம் தனி. படக் கோப்புக்கு வெறும் எண்களாலான பெயரை மாற்றி, படத்தில் இருப்பதைச் சொல்லும் பெயரை வைத்தால் அந்த வழி இன்னும் திறக்கும்.

தேடாமல் வருபவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அனலிட்டிக்ஸில் 'டைரக்ட்' என்று இருப்பதை, முகவரியைத் தட்டி வந்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அவ்வளவு நீள முகவரியை யார் தட்டுவார்கள்? வாட்ஸ்ஆப்பில் ஒருவர் அனுப்பி இன்னொருவர் சொடுக்கியதும், மின்னஞ்சல் செயலியிலிருந்து வந்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒரே நாளில் ஒரு பழைய பதிவுக்கு டைரக்ட் வருகை குவிந்தால், ஏதோ ஒரு குடும்பக் குழுவில் அது சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு தளத்தில் யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால் தளத்தின் பெயர் தெரியும், எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரியாது. 2020இல் குரோம் உலாவி, இணைப்பு இருந்த பக்கத்தின் முழு முகவரியை அனுப்பும் வழக்கத்தை நிறுத்தியதிலிருந்து இப்படி. கேள்விப்படாத பெயர் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் ஆர்வத்தில் சொடுக்கிவிடாதீர்கள். நம்மை அங்கே இழுக்கவே பொய் வருகையை உண்டாக்குகிறவர்கள் உண்டு.

சரி, கடிகாரம்தான் காரணம் என்று உறுதியானால்? தாத்தா பதிவின் தலைப்பை மாற்றுவது, நடுவில் தேடல் சொற்களைத் திணிப்பது இரண்டையும் செய்யாதீர்கள், பதிவு கெட்டுவிடும். நின்றுபோகும் கடிகாரத்தைச் சரிசெய்வது பற்றித் தனியாக ஒரு சின்னப் பதிவு போட்டு, அதற்கான இணைப்பைக் கடிகாரம் வரும் பத்திக்கு அடியிலேயே கொடுங்கள். பதிவின் முடிவில் கொடுத்தால், கடிகாரத்தோடு வந்தவர் அதுவரை வரமாட்டார்.