ப்ளூ பிரிண்ட் ஓரம் பழுப்பாகிறது: லேமினேட் செய்யலாமா?

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் தாளும் கூடவே கிழிந்து வரும்.

கொல்லங்கோட்டு வீட்டுச் சுவர் மாடத்தில் கிடந்த தாத்தாவின் ப்ளூ பிரிண்ட் சுருள்களில் (நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக உள்ள வீட்டு வரைபட நகல்கள்), சுவரைத் தொட்ட ஓரம் மட்டும் பழுப்பாகிவிட்டது என்கிறீர்கள். எனக்குச் சுண்ணாம்பின் மேல்தான் சந்தேகம். மாடத்துக்கு வெள்ளையடித்திருப்பார்கள், இல்லையா? ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த இந்த நகலெடுக்கும் முறையில் நீலம் என்பது ஓர் இரும்புச் சேர்மம். சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் பட்டால் அது சிதைந்து மஞ்சள் பழுப்பாகிவிடும்.

ஒரு சோதனை: வெளிறிய ஒரு தாளை இரண்டு மூன்று வாரம் இருட்டான பெட்டியில் வையுங்கள். வெளிச்சத்தால் போன நீலம் ஓரளவு திரும்பி வரும். சுண்ணாம்பால் போனது வராது. அந்த ஓரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், சோப்போ தண்ணீரோ போட்டுத் துடைக்காதீர்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு தாளையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். விரிக்க மறுக்கும் சுருளை இழுக்காதீர்கள். கட்டிய கொத்தனாரும் வரைந்தவரும் போன பிறகு அந்த வீட்டுக்கு மிச்சமுள்ள சாட்சி இதுதான்.

அப்புறம் ஒன்று. சுருள்களைப் பொதிந்து வைக்கக் கடையில் 'அமிலமற்ற தாள்' என்று கேட்டு வாங்கினால், சுண்ணாம்பு உப்பு கலந்ததையே தந்துவிடுவார்கள். மற்ற காகிதங்களுக்கு அது நல்லது, ப்ளூ பிரிண்டுக்கு ஆகாது. காரம் சேர்க்காத தாள் என்று தெளிவாகக் கேளுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் சுருள்களை மாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.