சியர் ஆட்டத்தில் சட்டம் எதுவரை, கற்பனை எங்கே? – கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்குப் போட்டி சியர்லீடிங் சொல்லித்தருகிறேன். அணியாகக் குதித்து, ஒருவரை மற்றவர்கள் தூக்கி, முழக்கமிட்டு ஆடும் ஆட்டம் அது. கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வேலந்தாவளம், பி.டி. ஆசிரியை: கையை எங்கே வைக்கணும், எவ்வளவு உயரம் தூக்கணும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறதே அக்கா. புதுசாக எதைத்தான் செய்வது?

விதிப்புத்தகத்தை நிதானமாக ஒருமுறை படியுங்கள் டீச்சர். எவ்வளவு உயரம், எத்தனை சுற்று, எப்படி இறங்கணும், யார் பிடிக்கணும் என்பதைத்தான் அது முக்கியமாகப் பேசும். மேலே ஏறும் பிள்ளை எந்த மூலையிலிருந்து வருகிறாள், தாளத்தின் எந்த அடியில் எழுகிறாள் என்பதெல்லாம் உங்கள் கையில்.

எங்கள் லெவல் 1, அதாவது ஆரம்பநிலை அணியையே சொல்கிறேன். அந்த லெவலில் தூக்கி எறியும் டாஸ் கிடையாது, அந்தரத்தில் பல்டி கிடையாது. தோள் உயரத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு காலும் பிடிபட்டிருக்கணும். பிள்ளைகளுக்கு முகமே வாடிவிட்டது. அப்போதுதான் பின்னல் கோலாட்டம் ஞாபகம் வந்தது. கயிறு பின்னுகிற மாதிரி உள்ளே வெளியே ஓடி இடம் மாறி, எட்டாவது எண்ணிக்கையில் பின்னலுக்கு நடுவிலிருந்து மேலே ஏறும் பிள்ளைகளான நான்கு ஃப்ளையர்களும் ஒன்றாக எழ வேண்டும். தூக்குவது அதே பழைய தூக்கல்தான்.

சொல்வது சுலபம். இரண்டு வாரம் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். பேஸ் நிற்கிற, அதாவது கீழே இருந்து தாங்குகிற பிள்ளை அரை எண்ணிக்கை பிந்தினால் ஃப்ளையரின் வலது பாதத்துக்குக் கை கிடைக்காது. கடைசியில் ஒவ்வொருவர் கால் படும் இடத்தையும் சாக்பீஸால் தரையில் வரைந்து, தூக்காமல் வெறுமனே நடக்கவைத்தேன். மூன்றாம் நாள் யாரும் தரையைப் பார்க்கவில்லை.

கோபாலபுரம், கல்லூரி மாணவர்: குதித்து நேராக முட்டியில் விழுகிற ஸ்டெப் வைத்தோம். கூட்டம் விசிலடித்தது, நடுவர் புள்ளியைக் குறைத்துவிட்டார். நியாயமா?

நியாயம்தான் தம்பி. குதித்து முட்டியிலோ உட்காரும் பாகத்திலோ நேராக விழக்கூடாது. பாதமோ கையோ முதலில் எடையை வாங்கி, அதிர்ச்சியைக் குறைத்திருக்க வேண்டும். பாதத்தில் இறங்கி, அடுத்த எண்ணிக்கையில் கையூன்றி மண்டியிடுங்கள். உங்கள் முட்டி நாற்பது வயதிலும் உங்களுக்கு வேண்டும்.

பாலக்காட்டுச் சித்தூர், ஒரு அம்மா: புதுசு புதுசாகச் செய்யச் சொல்கிறார்களாம். பொண்ணு மேலே ஏறுகிறாள், பயமாக இருக்குங்க. மூக்குத்தியைக் கழற்றவும் அவள் பாட்டி விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் பயம் சரியானதுங்க. ஒருநாள் பயிற்சிக்குப் போய், ஃப்ளையர் நழுவினால் பிடிக்க அவளுக்குப் பின்னால் நிற்கும் ஸ்பாட்டரை மட்டும் பாருங்கள். மேலே இருப்பவள் தரைக்கு வரும்வரை அந்தப் பிள்ளை கண்ணை எடுக்காமல் நிற்கிறாளா? கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் பயிற்சியாளரிடம் உடனே சொல்லுங்கள்.

மூக்குத்தி, கம்மல், கொலுசு எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நழுவும்போது பிடிக்க வருகிறவள் விரல் அதில் மாட்டினால் இருவருக்கும் காயம். பாட்டியிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

மீனாட்சிபுரம், பயிற்சியாளர்: தூக்கலிலிருந்து ஃப்ளையர் கீழே இறங்க, விதிப்புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒரு முறையை என் அணி கண்டுபிடித்திருக்கிறது. தடை இல்லை என்றால் செய்யலாம்தானே?

அவசரப்படாதீர்கள் சார். வீடியோ எடுத்து, போட்டி நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் போனேன். ஆடுகளத்தில் எங்களுக்குக் கைதட்டல், நடுவர் தாளில் புள்ளிக் குறைப்பு. அன்று பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் பேசவில்லை, அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

புதுமை என்றால் உயரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1948-ல் தேசிய சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கிய லாரன்ஸ் ஹெர்க்கிமர் பெயரில் ‘ஹெர்க்கி’ என்றொரு குதிப்பு இருக்கிறது. ஒரு கால் பக்கவாட்டில் நேராக, இன்னொன்று முட்டி மடங்கி. யாரையும் தூக்கவில்லை, எறியவில்லை. இன்றும் பிள்ளைகள் ஆசையாகக் கற்கிறார்கள். குதிப்பில், கையசைவில் தேடிப்பாருங்கள். கும்மி தெரிந்த பிள்ளைகள் உங்கள் ஊரில் இருப்பார்களே, அந்தக் கைத்தட்டின் கணக்கே ஒரு புதையல்.

வாளையார், ஒன்பதாம் வகுப்பு மாணவி: முழக்கம் இங்கிலீஷில்தான் இருக்கணுமா அக்கா? எங்கள் அணியில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம்.

இல்லை கண்ணு. சர்வதேச சியர் யூனியனின் போட்டிகளிலேயே முழக்கப் பகுதியில் தாய்மொழியை ஊக்குவிக்கிறார்கள். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ‘வா’ இருக்கிறது, ‘நாடு’ இருக்கிறது, இன்னும் நிறையக் கிடைக்கும். ஒவ்வொரு வரியும் நெடில் ஓசையில் முடியட்டும். ‘வெல்வோம்’ என்று கத்தினால் ‘ம்’மில் வாய் மூடிக்கொள்ளும், சத்தம் அங்கேயே நின்றுவிடும். ‘வா... வா...’ என்றால் மைதானத்தின் கடைசி வரிசை வரை போகும்.