பொட்டுக் கட்டிய பெண்: புகாரில் முதலில் வர வேண்டியது வயது

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் வசிக்கிறோம். என் அண்ணன் மகளுக்கு ஏழு வயதில் கடும் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் மாத்தம்மா சாமிக்கு விடுவதாக வேண்டிக்கொண்டு பொட்டுக் கட்டிவிட்டார்கள் (சாமிக்கு நேர்ந்துவிட்டவள் என்று தாலி கட்டும் சடங்கு). இப்போது அவளுக்கு 15. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன்னைச் சீரழிப்பதாக என்னிடம் அழுதாள். தட்டிக்கேட்ட என்னை அண்ணன் திருவிழாவில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு நான் போட்ட வழக்கும் நடக்கிறது. ஊரில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். அவளுடைய டி.சி. நகல் என்னிடம் உள்ளது. என்ன செய்வது?

பதில்: திருவிழா அவமானத்தை ஓரமாக வையுங்கள். சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை. அதுவரை அவள் சம்மதித்தாள் என்பதும் செல்லாது, சாமிக்கு விட்ட பெண் என்பதும் செல்லாது. இது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு.

புகாரைப் பொட்டுக் கட்டிய கதையிலிருந்து தொடங்காதீர்கள். முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டத்துக்குப் பின் வந்த 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டம் அந்தச் சடங்கைக் குற்றமாக்கியது உண்மை. ஆனால் அதில் தண்டனை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 500 ரூபாய் அபராதம். எட்டு ஆண்டுக்கு முந்தைய சடங்குக்கு வழக்குத் தொடரும் காலவரம்பும் கடந்துவிட்டது. முதல் வரியில் வயது, இரண்டாவது வரியில் அந்த மனிதரின் பெயர், பிறகு பெண் உங்களிடம் சொன்னது, சொன்னபடியே.

டி.சி.யை நம்பி இருக்காதீர்கள். 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் வயதுக்குப் போதுமான ஆதாரமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போக்சோ தண்டனை ரத்தானது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ வேண்டும், அவை இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தரும் பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லாவிட்டால் வயதைக் கணிக்க எலும்புப் பரிசோதனைக்குப் போவார்கள். அதில் ஓரிரு ஆண்டு முன்னே பின்னே வரும், பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும்.

வழக்கறிஞராக நான் பார்த்த கட்சிக்காரர்கள் அதிகம் சறுக்கியது நிலத்தில்தான். குறுக்கு விசாரணையில் உங்களிடம் முதலில் கேட்கப்போவது நிலத்தைத்தான்: "பங்கு கிடைக்காத ஆத்திரத்தில் பொய்ப் புகார் கொடுத்தீர்கள், அப்படித்தானே?" வழக்கு இருப்பதை மறைக்காதீர்கள், புகாரில் அதைக் கலக்கவும் கலக்காதீர்கள். "நிலத்தை எழுதித் தருகிறோம், புகாரை விட்டுவிடு" என்று ஆள் வரும். அந்தப் பேச்சுக்கு நீங்கள் உட்கார்ந்தாலே போதும், மிரட்டிப் பணம் பறித்தவராக உங்களை நிறுத்திவிடுவார்கள். நிலத்தில் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன், சில சென்ட் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் அது புகார் பதிவான பிறகு, நீதிமன்றச் சமரச மையத்தில், உங்கள் வழக்கறிஞர் மூலம் மட்டுமே நடக்கட்டும்.

குழந்தை விஷயத்தில் சமரசமே கிடையாது. பெற்றோர் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காகப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவரே தாலி கட்டுவார் என்பார்கள். அது குழந்தைத் திருமணம். 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சி என்பது 2017 தீர்ப்பு. ஊர்ப் பேச்சு இழுபடும் அந்த ஒரு வாரத்துக்குள் பெண்ணை ஆந்திரப் பக்கத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து உண்மையை வாங்குவது பெரும்பாடு.

இன்னொன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்: தெரிந்தே உடன்பட்டிருந்தால் உங்கள் அண்ணனும் அண்ணியும் எதிரிகளாகச் சேர்க்கப்படுவார்கள். "அண்ணனை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று பாதியில் வாக்குமூலத்தை மாற்றிய உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு முதல் எதிரியே வெளியே போய்விடுவார்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி உங்கள் மீதே குற்றமாகும். எனவே இன்றே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த வீட்டில் அவள் இனி ஓர் இரவும் தங்கக் கூடாது, குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துங்கள் என்று புகாரிலேயே எழுதிக் கேளுங்கள். அவள் பிறந்த மருத்துவமனையின் பதிவேட்டு நகலுக்கு நாளை காலையே விண்ணப்பியுங்கள்.